பொதுக்காரியம் பார்க்கும் குடியானவர்

புதுச்சேரியின் கடற்கரைச் சாலையையும் பிரெஞ்சுக்காரர் கட்டிய நேர்நேரான வீதிகளையும் பார்த்துத் திரும்புகிற யாத்ரிகர்களில், நகரத்துக்கு மேற்கே வில்லியனூர் வழியாகவும் தெற்கே பாகூர் வழியாகவும் சென்று, நெல்வயலும் கரும்புத் தோட்டமும் ஏரிக்கரையுமாக விரிந்து கிடக்கும் அந்தப் பிரதேசத்தின் கிராமங்களைக் கண்டவர்கள் மிகச் சிலரே. அக்கிராமங்கள் ஒவ்வொன்றிலும், எந்தப் பட்டமும் சம்பளமும் எழுத்து மூலமான அதிகாரமும் இல்லாமல், ஊரின் க்ஷேமத்தைத் தம் சொந்தக் கவலையாக ஏற்றுக்கொண்டு வாழ்கிற குடியானவர் ஒருவரோ இருவரோ இன்றும் இருக்கிறார்கள். அவரைத் தலைவர் என்று சிலர் அழைப்பார்கள். பெரியவர் என்று சிலர் சொல்வார்கள். “அவர் பொதுக்காரியம் பார்க்கிறவர்” என்பதே பொதுவில் வழங்கும் பேச்சு. பத்திரிகைகளில் படம் வராத, விருதுப் பட்டியல்களில் பெயர் ஏறாத அந்த மனிதரின் வாழ்க்கையைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

அவருக்கு இரண்டு காணியோ மூன்று காணியோ நிலம் இருக்கும். மற்றக் குடியானவர்களைப் போலவே அவருக்கும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டங்கள் உண்டு, கடனும் உண்டு. ஆனால் விடிந்தெழுந்ததும் அவர் கால்கள் முதலில் செல்வது தம் வயலுக்கன்று, ஏரிக்கரைக்கு. கரையில் எலி வளை, நண்டு வளை விழுந்திருக்கிறதா, மதகின் கதவு சரியாக அமர்ந்திருக்கிறதா, கலங்கலில் யாராவது மண்ணைக் கொட்டி உயர்த்தியிருக்கிறார்களா, வரத்து வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கு எந்த மட்டும் அடைத்திருக்கிறது என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவர் தம் பயிரைப் பார்ப்பார். அதற்குள் ஒருவர் வந்து, தெருவின் டிரான்ஸ்பார்மர் இரவே வெடித்துவிட்டது என்பார். மற்றொருவர், ரேஷன் அட்டையில் மருமகளின் பெயரைச் சேர்க்க மனு எழுதித் தரவேண்டும் என்பார். மூன்றாமவர், பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு முற்றிவிட்டது, வந்து அளந்து கல் நட்டுத் தரவேண்டும் என்று நிற்பார். பத்திரத்தில் பழைய குழிக் கணக்கு ஒரு பக்கமும், பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற ஹெக்டேர், ஆர், சாந்தியார் ஒரு பக்கமுமாக இருக்கிற இந்தப் பிரதேசத்தில், அவ்விரண்டையும் மனத்திலேயே மாற்றிச் சொல்லக்கூடிய ஒருவர் ஊருக்கு எத்தனை அவசியம் என்பதை நில வழக்கு நடத்தியவர்கள் அறிவார்கள்.

ஆடி மாதம் வந்தால் மாரியம்மனுக்குச் சாகை வார்த்தலும் செடல் திருவிழாவும் அவர் தலையில் வந்து விழும். தலைக்கட்டு வரி எவ்வளவு வைப்பது, சென்ற வருஷத்து மிச்சம் யாரிடம் இருக்கிறது, கொடுக்க முடியாத விதவைக் குடும்பத்தை எப்படி யாருக்கும் தெரியாமல் விட்டுவிடுவது ஆகியவை வரவு செலவு நோட்டில் இரண்டு வரியாகத் தோன்றினாலும், அவற்றைத் தீர்த்து வைப்பதற்கு வேண்டிய நிதானமும் நா நயமும் எந்தக் கல்லூரியிலும் கிடைப்பனவல்ல. திருவிழாக் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் தம் மடியிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவாரேயன்றி, ஊர் முன்னிலையில் எவர்மீதும் சந்தேகம் விழ அவர் இடங்கொடுக்க மாட்டார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில் அவருடைய சொந்த வயலில் களை மண்டும். நடவு நான்கு நாள் பிந்தும். அப்போதெல்லாம் ஆள் கூப்பிட்டு, நாற்றுப் பறித்து, உரம் வாங்கி, மாடு கறந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறவள் அவர் மனைவி. அந்தப் பெரியவரின் பொதுவாழ்வில் சரிபாதி அந்த அம்மாளின் உழைப்பு என்பதை ஊர் சொல்லாவிட்டாலும், அதை இங்கே சொல்லாமல் விடுவது தர்மமாகாது.

இத்தகையவரின் அருமை முழுவதும் தெரிவது தண்ணீர் குறைந்த வருஷத்தில்தான். ஏரி பாதியளவே நிரம்பி, சம்பா கதிர் விடும் தறுவாயில் முறைநீர் வைக்க வேண்டிவரும்போது, தலைமடைக்காரர் மதகடியில் மண்வெட்டியோடு நிற்பார்; கடைமடைக்காரர் காய்ந்த வயலைக் காட்டிக் கூச்சலிடுவார். பெரியவர் இரண்டு வயல்களிலும் இறங்குவார். கதிரை உருவிக் கையில் வைத்துப் பார்ப்பார். சேற்றில் கட்டைவிரலை அழுத்தி ஈரம் பார்ப்பார். பிறகு தலைமடைக்காரரின் தோளில் கைவைத்து, “தம்பி, உன் பயிர் இன்னும் ரெண்டு நாள் தாங்கும். அவனுது பால் பிடிக்கிற பயிர். இன்னிக்கு ராத்திரி தண்ணி ஏறலன்னா அவ்வளவும் பதர்தான். நீ இப்ப வுட்டுக் குடு, வெள்ளிக்கிழம மொத மொற உனக்கு” என்பார். “நீங்க சொன்னா சரிங்க பெரியப்பா, ஆனா வெள்ளிக்கிழம மொற மாறக் கூடாது” என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே மடையை அடைப்பார். அன்றிரவு அந்தத் தண்ணீர் வழியில் எங்கும் திருடு போகாமல் கடைமடை சேருகிறதா என்று டார்ச் விளக்கோடு வாய்க்கால் நெடுகிலும் நடப்பவரும் அந்தப் பெரியவரேதான். இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அதை நிறைவேற்றப் போலீஸும் வேண்டியதில்லை. தம் வயலுக்கு அவர் என்றுமே முறை தவறித் தண்ணீர் பாய்ச்சியதில்லை என்பதை ஊரார் கண்ணால் கண்டிருப்பது ஒன்றே அந்தத் தீர்ப்பின் பலம்.

இந்த மண்ணில் இந்தச் சம்பிரதாயம் எவ்வளவு பழமையானது என்பதற்குப் பாகூரே சாட்சி. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், பாகூர் வித்தியாஸ்தானத்தின் ஜீவனத்துக்கு மூன்று கிராமங்கள் வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. கல்விச்சாலையைப் போற்றிய அதே ஊர், ஏரியையும் போற்றியது. பாகூர் மூலநாதர் கோயில் கல்வெட்டுகளில் ஊர்ச் சபையின் ஏரிப் பராமரிப்பு ஏற்பாடுகள் பதிவாகியிருக்கின்றன. பத்து வயதுக்கு மேல் எண்பது வயதுக்குட்பட்டவர் அனைவரும் ஏரியில் குழி வெட்டி மண்ணெடுத்துக் கரையில் இடவேண்டும் என்னும் கட்டளை அவற்றுள் ஒன்று. ஒரு சிறுவனையும் ஒரு கிழவரையும் ஒரே கடமையில் சேர்த்து நிறுத்திய அந்தச் சபையாரின் நோக்கத்தை எண்ணி எண்ணி வியக்கிறேன். வண்டல் அகற்றுவது மட்டும் அவர்கள் கருத்தாக இருந்திருந்தால், திடகாத்திரமான ஆடவர்களை மட்டும் அழைத்திருப்பார்களே! இந்தக் கல்வெட்டுகளையும் புதுச்சேரிப் பிரதேசத்தின் பிற கல்வெட்டுகளையும் ஊர் ஊராகச் சென்று படியெடுத்துத் தொகுத்தவர் பாகூரைச் சேர்ந்த குப்புசாமி என்னும் அறிஞர். அவர் தொகுத்தவை பிற்காலத்தில் பதிப்பிக்கப்பெற்று நூலாகவும் வந்துள்ளன. ஊர்க்காரியம் என்பது மண்வெட்டியோடு முடிந்துவிடுவதன்று என்பதற்கு அவருடைய பிரயாசையைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

பாகூர் ஏரிக்குப் பெண்ணையாற்றிலிருந்து, சொர்ணாவூர் அணைக்கட்டின் வழியாக, பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. பங்காரி, சிங்காரி என்னும் இரண்டு தாசிகள் தங்கள் செல்வமனைத்தையும் ஏரி, வாய்க்கால் திருப்பணிக்குக் கொடுத்தார்கள் என்பது அப்பகுதி ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. சரித்திரம் அதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்ளுமோ, அது வேறு விஷயம்; பெற்ற பொருளை நீருக்குக் கொடுத்தவர்களைத் தெய்வத்துக்கு அடுத்த ஸ்தானத்தில் வைத்து நினைக்கிற மனம் இந்த ஊர்களுக்கு இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அந்த அணைக்கட்டோ தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கமும் ஆண்ட காலத்திலேயே இந்த நீரின் பங்கீடு இரு அரசாங்கங்களுக்கிடையே பேச வேண்டிய விஷயமாயிற்று, இன்றும் அப்படியே. ஆகவே பாகூர்க் குடியானவர் ஒருவர் தம் ஊர் வாய்க்காலைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினால், அது இரண்டு அரசாங்கங்களின் பொதுப்பணித் துறை அலுவலகங்களின் படிக்கட்டுகளில் கொண்டுபோய் அவரை நிறுத்துகிறது. பெண்ணையாற்றில் வெள்ளம் வரும்போது வாய்க்காலின் தலைப்பு தூர்ந்து கிடந்தால், கண்முன்னே தண்ணீர் கடலுக்குப் போகும், ஏரி காயும். இந்த வேதனையை அனுபவித்தவர்களாதலால்தான் மழைக்காலத்துக்கு முன்பே மனுவும் கையுமாக அவர்கள் அலைகிறார்கள்.

பிரெஞ்சு ஆட்சியைப் பற்றி நமக்கு எத்தனை குறைகள் இருந்தாலும், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏரிப் பாசனம் பெறும் நிலக்காரர்களைச் சங்கமாகச் சேர்த்து, அவர்கள் கட்டும் தொகையைப் பொது நிதியாக்கி, அதைக் கொண்டு மதகையும் வாய்க்காலையும் செப்பனிடும் ஏற்பாட்டை அது அங்கீகரித்திருந்தது. 1880ஆம் ஆண்டில் கொம்யூன்கள் என்னும் உள்ளாட்சிப் பிரிவுகள் ஏற்பட்டபோது புதுச்சேரிப் பகுதியில் அமைந்த நான்கில் வில்லியனூரும் பாகூரும் இரண்டு. 1907இல் அவை மேலும் பிரிக்கப்பட்டு எட்டாயின. கொம்யூனுக்கு மேர் என்னும் தலைவர் ஒருவர், அவருக்குத் துணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முனிசிபல் சபையினர் என்று கிராமத்தானுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. செல்வாக்குள்ள குடும்பங்கள் அந்த நாற்காலியைத் தங்கள் வீட்டுத் திண்ணையாக்கிக்கொண்ட கதைகளும் உண்டு. தேர்தலில் அடிதடியும் உண்டு. ஆயினும் ஒரு பொறுப்புக்கு ஒரு பெயரும், அப்பெயருக்கு ஒரு முகமும் இருந்தன; குறை சொல்லப் போகிறவனுக்கு யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அந்த நாற்காலிகள் சரித்திரத்தையே மாற்றிய ஆண்டு ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, பாகூர் தாலுக்காவைச் சேர்ந்த நெட்டப்பாக்கம் விடுதலையடைந்ததாக அறிவிக்கப்பட்டு, இந்தியாவோடு இணைப்பை வேண்டிய இயக்கத்தின் பாசறையாயிற்று. அவ்வியக்கத்தில் ஈடுபட்ட தலைவர்களுள் மடுகரைக் கிராமத்து வேங்கடசுப்பா ரெட்டியாரும் ஒருவர். கிராமத்தில் வேரூன்றிய பொதுவாழ்வு எந்த உயரத்துக்குச் செல்லக்கூடும் என்பதற்கு அவரே அத்தாட்சி, ஏனெனில் 1964 முதல் 1967 வரையிலும் 1968இல் சில மாதங்களும் அவர் புதுச்சேரியின் முதலமைச்சராக இருந்தார். 1954 அக்டோபர் 18ஆம் தேதி, வில்லியனூரை அடுத்த கீழூரில், பிரதிநிதி சபை அங்கத்தினர்களும் முனிசிபல் சபை அங்கத்தினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக 170 வாக்குகள், எதிராக 8. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறிற்று. சட்டபூர்வமான மாற்றம் 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி நிறைவேறிற்று. இவ்வளவு பெரிய தேசகாரியம் தலைநகரின் மாளிகையொன்றில் நடவாமல் வயல்கள் சூழ்ந்த ஒரு குக்கிராமத்தில் நடந்தது. கொம்யூன் சபைகளில் அமர்ந்து தெருவிளக்கையும் குடிநீரையும் பேசிக்கொண்டிருந்தவர்களின் கைகளாலும் அது நடந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பின்வந்த காலத்தில் நடந்தவை மகிழ்ச்சி தருவனவல்ல. ஏரிகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பாயின. மின்சார மோட்டார் வந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. தன் கொல்லையிலேயே பொத்தானை அழுத்தினால் தண்ணீர் கிடைக்கிறவனுக்கு ஏரியின் மேல் என்ன சிரத்தை இருக்கும்? முறைநீர் கேட்க வேண்டியதில்லை, ஊர்க்கூட்டத்துக்கு வரவேண்டியதில்லை, வரத்து வாய்க்கால் யாரால் ஆக்கிரமிக்கப்பட்டாலும் கவலையில்லை. நிலத்தடி நீர் கீழே கீழே சென்று, கடலோரப் பகுதிகளில் உப்பு ஏறத் தொடங்கிய பிறகுதான் ஏரியின் நினைவு மறுபடியும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 1999 முதல் நடந்த ஏரிகள் சீரமைப்புத் திட்டம், புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஏரிச் சங்கம் அமைத்தது. ஆயக்கட்டு நிலமுடையவர்கள் மட்டுமின்றி, நிலமில்லாதவர்களும் பெண்களும் அச்சங்கங்களில் இடம்பெற வேண்டும் என்பது அதன் கோட்பாடு. ஏரிகளைச் சீரமைத்தபோது, இத்தனை நேரம் நான் வருணித்த பெரியவர்கள்தாம் மண்வெட்டும் பணிக்கு முன்னே நின்றார்கள். பணம் வந்துகொண்டிருந்த மட்டும் சங்கங்கள் சுறுசுறுப்பாக இருந்தன. பணம் நின்றபின் பல சோர்ந்தன. சில ஊர்களில் மட்டும், மீன் ஏலத்தில் வரும் சிறு வருமானத்தைக் கொண்டும் ஒருவரிருவருடைய பிடிவாதத்தைக் கொண்டும் சங்கம் உயிரோடிருக்கிறது.

இங்கே பழமையைப் புகழ்வதற்கு ஓர் எல்லை கட்ட வேண்டியது அவசியம். ஊர்ப் பஞ்சாயத்தின் பழைய திண்ணையில் சேரி மக்களுக்கு இடமிருந்ததில்லை, பெண்களுக்குக் குரலிருந்ததில்லை. ஏரியில் மண் சுமந்தவர்களும் மதகு காத்தவர்களும் நீர் பாய்ச்சியவர்களும் பெரும்பாலும் நிலமற்றவர்களாயிருக்க, ஏரியைப் பற்றி முடிவு செய்தவர்கள் நிலமுடையவர்களாகவே இருந்தார்கள். நல்ல பெரியவர் இருந்த ஊரில் நியாயம் கிடைத்தது. இல்லாத ஊரில் ஒடுக்கப்பட்டவன் வாய்மூடிப் போனான். ஒரு மனிதரின் நற்குணத்தை மட்டும் நம்பி ஓர் ஊரின் வாழ்வை ஒப்படைக்க முடியாது என்பதனால்தான், தேர்தலும் இடஒதுக்கீடும் சட்டமும் நமக்கு வேண்டியிருக்கின்றன.

அந்தச் சட்டத்தின் கதி என்ன? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அதன் பிறகு 38 ஆண்டுகள் நடக்கவில்லை. கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் 1973இல் இயற்றப்பட்டும், அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தும் நடக்கவில்லை. நீதிமன்றம் வரை சென்று வாதாடிய பிறகு, 2006இல்தான் 98 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நடந்தது. அந்த ஐந்து வருஷங்களில், அதுவரை ஊர்க்கூட்டத்தின் ஓரத்தில் நின்றவர்கள் தலைவர்களாகவும் உறுப்பினர்களாகவும் நாற்காலியில் அமர்ந்தார்கள். பெண்கள் கையொப்பமிட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். 2011இல் பதவிக்காலம் முடிந்தது, மறுதேர்தல் வரவில்லை. 2021இல் தேதியே அறிவிக்கப்பட்டு, இடஒதுக்கீடு பற்றிய வழக்கினால் அதுவும் நின்றுபோயிற்று. வில்லியனூரிலும் பாகூரிலும் கொம்யூன் அலுவலகங்கள் இருக்கின்றன; அவற்றில் ஆணையர் இருக்கிறார், எழுத்தர் இருக்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை.

இதன் விளைவை 2024 நவம்பர் இறுதியில் எல்லாரும் கண்டார்கள். 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட பெருவெள்ளம் பெண்ணையாற்றில் வந்து, பாகூர்ப் பக்கத்து ஆற்றோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட வேளையில் எந்தத் தெரு தாழ்வானது, எந்த வீட்டில் படுக்கையோடு கிடக்கும் கிழவி இருக்கிறாள், எந்த மதகைத் திறந்தால் எந்த வயலை வெள்ளம் கொள்ளும், எந்த இடத்தில் கரையை வெட்டினால் ஊர் பிழைக்கும் என்பதை வரைபடம் பார்த்து ஓர் அதிகாரி அறிய ஒரு நாள் ஆகும். ஏரிக்கரையில் தினமும் நடந்து பழகிய குடியானவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் அவருடைய சொல்லுக்கு அன்று எந்த அந்தஸ்தும் இல்லை. அவர் கூப்பிட்டால் மணல் மூட்டை வராது. அவர் கேட்டால் படகு வராது. இடுப்பளவு தண்ணீரில் நின்று சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பதைத் தவிர அவரால் வேறென்ன செய்ய முடியும்?

வில்லியனூர் வட்டாரத்துக் கூடப்பாக்கத்தைச் சேர்ந்த வேங்கடபதி ரெட்டியார், கனகாம்பரத்தில் புதுப்புது நிறங்களை உண்டாக்கியதற்காக 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நான்காம் வகுப்பு மட்டுமே படித்த ஒரு விவசாயியை ராஷ்டிரபதி பவனம் அழைத்துக் கௌரவித்தது கண்டு மகிழாதவர் யார்? தன் வயலில் அற்புதம் செய்கிற குடியானவரைப் போற்ற நாட்டில் விருதுகள் இருக்கின்றன. ஊர் வயல்களுக்கெல்லாம் தண்ணீர் போய்ச் சேர வேண்டுமென்று தன் வயலைக் காயவிட்டவருக்கு விருது வேண்டாம், அவரும் கேட்கமாட்டார். அவருக்கு வேண்டியது வேறு. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேர்த் திருவிழாவில், பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்த வழக்கத்தையொட்டி இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைக்கிறார். பின்னால் ஆயிரம் குடியானவர்கள் அதே வடத்தை இழுக்கிறார்கள். கோயிலில் கிடைக்கிற அந்தச் சரிசமமான பிடி, ஊர் நிர்வாகத்திலும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அடுத்த தலைமுறையில் இத்தகையவர்கள் வருவார்களா என்று கேட்டால், வருவார்கள் என்றே நம்புகிறேன். பட்டப்படிப்பு முடித்துவிட்டுச் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாளில் வாய்க்கால் தூர்வாரக் கூடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஏரியின் நீர்மட்டத்தைப் படமெடுத்துப் போடுகிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு ஏரியின் எல்லையைக் கேட்கிறார்கள். சுயஉதவிக் குழுக்களில் கணக்கெழுதிப் பழகிய பெண்கள், முந்தைய எந்தப் பெரியவரையும் விடத் துல்லியமாக ஊர்க்கணக்கு எழுதக்கூடியவர்கள். திறமைக்கும் விருப்பத்துக்கும் குறைவில்லை. குறைந்திருப்பது, அவர்கள் போட்டியிட்டு வென்று பொறுப்பேற்க வேண்டிய அந்த நாற்காலி ஒன்றுதான்.

ஆகையால் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் கொம்யூன் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். சட்டசபைக்கோ நாடாளுமன்றத்துக்கோ வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிறவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், இலவசங்களைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அவரை நிறுத்தி, “எங்கள் பஞ்சாயத்துத் தேர்தலை எப்போது நடத்துவீர்கள்?” என்று கேளுங்கள், தேதி சொல்லும் வரை விடாதீர்கள்.